மோடத்தை வாங்கிச் சென்றார்கள், ரசீது தரவில்லை. இப்போது அதற்கே விலை கேட்கிறார்கள்

கேள்வி: வேலூரில் வாடகை வீட்டில் இருந்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஃபைபர் இணைய இணைப்பு வாங்கினோம். இணைப்பு என் மாமனார் பெயரில் இருந்தது. வீட்டில் வைத்த மோடத்துக்காக 2,000 ரூபாய் டெபாசிட் கட்டினோம். கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால், இணைப்பை ரத்து செய்யும்படி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, வழக்கமாகப் பழுது பார்க்க வரும் இளைஞரே வந்து மோடத்தையும் அடாப்டரையும் எடுத்துச் சென்றார். ரசீது கேட்டதற்கு, "சிஸ்டத்துல நானே ஏத்திடறேன் மேடம்" என்றார். மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது கருவி திரும்பி வரவில்லை என்று சொல்லி, அதன் விலை 3,500 ரூபாயும் இரண்டு மாதக் கட்டணம் 1,416 ரூபாயும் போட்டு, டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு, 2,916 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். வசூல் நிறுவனத்திலிருந்து தினமும் அழைப்பு வருகிறது. போலீசில் புகார் செய்வோம் என்கிறார்கள். சிறிய தொகைதானே, கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போதைக்கு அந்தத் தொகையைக் கட்ட வேண்டாம். கருவியின் விலையை நீங்கள் மறுப்பின்றிக் கட்டினால், அதைத் திருப்பித் தரவில்லை என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாக அது எடுத்துக்கொள்ளப்படும். அதன் பிறகு டெபாசிட்டைக் கேட்பதற்கு உங்களுக்கு வலுவான காரணம் எதுவும் மிஞ்சாது. மேலும், உங்கள் கையிலிருந்து போகவிருப்பது 2,916 ரூபாய் மட்டும் அன்று. அவர்கள் கழித்துக்கொண்ட 2,000 ரூபாயும் உங்களுடையது என்பதால், உண்மையில் இந்தத் தகராறின் மதிப்பு 4,916 ரூபாய்.

சட்டத்தின் பார்வையில் அந்த மோடம் என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது நிறுவனத்தின் பொருள். ஒரு நோக்கத்துக்காக உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நோக்கம் முடிந்ததும் திருப்பித் தரப்பட வேண்டியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவில் இத்தகைய ஒப்படைப்பை வரையறுக்கிறது. காலம் முடிந்ததும் பொருளைக் கேட்காமலேயே திருப்பித் தர வேண்டும் என்று 160ஆம் பிரிவு சொல்கிறது. உரிய நேரத்தில் தராவிட்டால் அதன் பிறகு ஏற்படும் இழப்புக்கு வைத்திருப்பவரே பொறுப்பு என்கிறது 161ஆம் பிரிவு. ஆகவே, கருவியைத் தராமல் பரணில் போட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் நிறுவனம் பணம் கேட்பது நியாயமான கோரிக்கைதான், அப்படிப்பட்டவர்களும் நிறையவே இருக்கிறார்கள். உங்கள் நிலை அதுவன்று. நீங்கள் திருப்பித் தந்துவிட்டீர்கள். கேள்வி, தந்ததை எப்படி நிறுவுவது என்பதுதான்.

வந்து வாங்கிச் சென்றவர் யார் என்பது இங்கே முக்கியம். சிறு நகரங்களில் பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளை அந்தப் பகுதியின் கேபிள் ஆபரேட்டரோ, நிறுவனத்தின் கிளைப் பங்காளியோதான் பராமரிக்கிறார். வீட்டுக்கு வரும் இளைஞருக்குச் சம்பளம் தருபவரும் அவரே. பிரச்சினை வரும்போது, "அவர் எங்கள் ஊழியர் அல்லர்" என்று வாடிக்கையாளர் சேவை மையத்தில் சொல்வது வழக்கம். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளாக நீங்கள் நிறுவனத்திடம் புகார் பதிவு செய்தபோதெல்லாம் இவரைத்தான் அனுப்பினார்கள் என்றால், தங்கள் சார்பில் செயல்படும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று உங்களை நம்ப வைத்தவர்கள் அவர்களே. அப்படி நம்ப வைத்தவர், அந்த முகவர் செய்த செயலுக்குக் கட்டுப்பட்டவர் என்பது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆம் பிரிவு. அவர் கையில் கொடுத்தது நிறுவனத்தின் கையில் கொடுத்ததுதான். அவர் கருவியைக் கிடங்கில் சேர்த்தாரா, பதிவு செய்ய மறந்தாரா, அடுத்த தெருவில் புது இணைப்புக்குப் பொருத்தினாரா என்பதெல்லாம் அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

ரசீது இல்லாததால் ஆதாரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த இளைஞர் வருவதற்கு முன் உங்களை அழைத்திருப்பார்; அந்த எண்ணும் நேரமும் உங்கள் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் இருக்கலாம், வாட்ஸ்அப்பில் வழி கேட்டிருந்தால் இன்னும் நல்லது. நிறுவனத்திடமிருந்து "உங்கள் கருவியைப் பெற ஊழியர் வருகிறார்" என்ற குறுஞ்செய்தியோ, கோரிக்கையை முடித்துவைக்க ஓடிபியோ வந்திருந்தால், அதை அழித்துவிடாமல் திரைப்பதிவு எடுத்து, கைபேசியிலும் மூலச் செய்தியை அப்படியே வைத்திருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வாசல் காவலரின் வருகைப் பதிவேட்டில் தேதி, பெயர், கையெழுத்து இருக்கும்; அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி பழைய வீட்டு உரிமையாளரையோ சங்கச் செயலாளரையோ கேட்கலாம். கண்காணிப்புக் கேமராப் பதிவு பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், மூன்று மாதங்களுக்குப் பிறகு அதை நம்பிப் பயனில்லை. கருவியை எடுத்துச் சென்றதைப் பார்த்த அண்டை வீட்டார் யாராவது இருந்தால், அவர் தேதியிட்டு எழுதித் தரும் நான்கு வரி உதவும்.

இவை எல்லாவற்றையும் விட வலுவான ஆதாரம் நிறுவனத்திடமே இருக்கிறது. ஃபைபர் இணைப்பில் வீட்டில் வைக்கும் பெட்டியை நாம் மோடம் என்று அழைத்தாலும், தொழிலில் அதை ஓஎன்டி என்பார்கள். ஒவ்வொரு ஓஎன்டியும் தனக்கென ஒரு வரிசை எண்ணைக் கொண்டது. பொதுவாக, தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கு எழுத்துகளும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்கங்களும் எழுத்துகளும் கலந்த தொடரும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சாகியிருக்கும். நிறுவனத்தின் மைய நிலையத்தில் உள்ள சாதனம் அந்த எண்ணைக் கொண்டே கருவியை அடையாளம் கண்டு இணைப்பைத் திறக்கிறது. அதாவது, உங்கள் வீட்டில் இருந்த பெட்டி பிறகு வேறு ஒரு வீட்டில் பொருத்தப்பட்டிருந்தால், அது நிறுவனத்தின் பதிவுகளில் தெரிந்தே தீரும். திரும்பி வரும் பெட்டிகளைத் துடைத்து, மீட்டமைத்து, புதிய வாடிக்கையாளருக்கு வைப்பது இந்தத் தொழிலில் அன்றாட வழக்கம் என்பதால், இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டாலே பல தகராறுகள் சத்தமில்லாமல் முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வரிசை எண்ணை நீங்கள் குறித்து வைத்திருக்காவிட்டாலும், இணைப்புக் கொடுத்த அன்று மாமனாரிடம் கையெழுத்து வாங்கிய படிவத்திலோ, நிறுவனத்தின் செயலியிலோ அது இருக்கலாம். அங்கும் இல்லையென்றால் அதைத் தெரிவிக்கும்படி நிறுவனத்திடமே கேளுங்கள். எந்தப் பெட்டி வரவில்லை என்று அடையாளம் சொல்ல முடியாதவர்கள், வராத பெட்டிக்கு விலை கேட்க முடியாது.

ஆகவே முதல் வேலையாக, தொலைபேசியில் வாதாடுவதை நிறுத்திவிட்டு, இணைப்பை ரத்து செய்ய எழுதிய அதே மின்னஞ்சல் முகவரிக்கு, முந்தைய கடிதத்தின் தொடர்ச்சியாகவே ஒரு கடிதம் அனுப்புங்கள். வாடிக்கையாளர் எண், ரத்து கோரிய தேதி, கருவியை வாங்கிச் சென்ற தேதி, வந்தவரின் பெயரும் கைபேசி எண்ணும், கொடுத்த பொருள்கள் ஆகியவற்றை முதல் பத்தியில் எழுதிவிட்டு, இரண்டாம் பத்தியை இப்படி அமைக்கலாம்: "மேற்கண்ட தேதியில் தங்கள் பிரதிநிதியிடம் கருவி ஒப்படைக்கப்பட்டுவிட்டது. கருவி வரவில்லை என்று தாங்கள் கருதினால், அதன் வரிசை எண்ணையும், எனது இணைப்பு துண்டிக்கப்பட்ட தேதியையும், அந்தத் தேதிக்குப் பிறகு அதே எண் கொண்ட கருவி தங்கள் வலையமைப்பில் எங்காவது இயங்கியதா என்ற விவரத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். 3,500 ரூபாய்க் கோரிக்கையை முழுமையாக மறுக்கிறேன். டெபாசிட் 2,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்." இதற்கு மேல் கோபமாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மின்னஞ்சலோடு, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இணைப்பு மாமனார் பெயரில் இருப்பதால் கடிதத்தில் அவர் கையெழுத்து இருப்பது நல்லது. இல்லாவிட்டால், "கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசுவோம்" என்று ஒரு மாதத்தை எளிதாகக் கடத்திவிடுவார்கள்.

டெபாசிட்டைப் பற்றி ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டிய 2,000 ரூபாய்க்கான முதல் ரசீதில் அது "திருப்பித் தரத்தக்க டெபாசிட்" என்று இருக்கிறதா, "நிறுவல் கட்டணம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக்கு வருபவர் வாயால் டெபாசிட் என்று சொல்லி வாங்கும் பணம், ரசீதில் நிறுவல் கட்டணமாக மாறியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் அது திரும்பி வராது. உங்கள் விஷயத்தில், கருவியின் விலையில் டெபாசிட்டைக் கழித்துக்கொண்டதாக அவர்களே கணக்கு எழுதியிருப்பதால், அது டெபாசிட்தான் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கணக்குச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். இணைப்பு முடிந்த 45 நாட்களுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டு வந்து அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர விதிகளின் அளவுகோல். முன்பு அது 60 நாட்களாக இருந்தது. வாடிக்கையாளர் எண்ணிக்கை மிகக் குறைவான சிறு நிறுவனங்களை விட்டுவிட்டால், உங்களுக்கு இணைப்புத் தந்தவர்களுக்கு இது பொருந்தும். மூன்று மாதங்கள் ஆன நிலையில் அவர்கள்தான் கெடுவைத் தாண்டியிருக்கிறார்கள்.

பேச்சுக்காக, அந்தப் பெட்டி உண்மையிலேயே உங்கள் பொறுப்பில் தொலைந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 3,500 ரூபாய் கேட்க முடியுமா என்பது சந்தேகம்தான். ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தொகையை மேல் வரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெற முடியும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. இழப்பைக் கணக்கிட்டுக் காட்ட முடிகிற இடத்தில் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்று 2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் எரிந்து, தேய்மானம் கழிக்கப்பட்ட ஒரு பெட்டிக்குப் புதிய பெட்டியின் விலையைக் கேட்பது எந்தக் கணக்கின்படி என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இதை மாற்று வாதமாக மட்டும் வையுங்கள். முதல் கடிதத்திலேயே எழுதினால், பெட்டி உங்களிடம் இருப்பதாகவும் விலையில்தான் பேரம் என்றும் படிப்பவர் நினைத்துவிடுவார்.

இரண்டு மாதக் கட்டணத்துக்கு வருவோம். மாதம் 600 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 708 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு 1,416. கருவி வரவில்லை என்று பதிவாகியிருப்பதால் கணக்கு மூடப்படாமல், பில் தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ரத்து கோரிய மின்னஞ்சலின் தேதியே இங்கே உங்களுக்குத் துணை. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் ஏதேனும் இருந்தால், அந்த நாள்கள் வரையிலான கட்டணம் உங்களுடைய கடன்தான். அதை நாள் கணக்கில் கழித்துப் பார்த்து, பாக்கி இருந்தால் அதை மட்டும், எதற்கான தொகை என்று எழுதித் தனியாகச் செலுத்திவிடுங்கள். ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டியவர் மறுத்த பாக்கியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது.

வசூல் நிறுவனத்தின் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். இது பணப் பாக்கி தொடர்பான உரிமையியல் தகராறு. ஒப்படைக்கப்பட்ட பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொண்டால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின் கீழ்க் குற்றம் ஆகும். பொருளைத் திருப்பிக் கொடுத்து, அதை எழுத்திலும் தெரிவித்திருக்கும் உங்கள் மீது அது பாயாது. அழைப்பவரிடம், "இந்தத் தொகை தகராறில் உள்ளது, புகார் எண் இது, இனி எழுத்தில் மட்டுமே பேசவும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் வசூலிப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் நேரக் கட்டுப்பாடுகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் முகவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆனாலும் அழைப்புகளின் தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்தால், பிறகு மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கும்போது அது பயன்படும். வழக்கறிஞர் பெயரில் நோட்டீஸ் வந்தால் மட்டும் அலட்சியம் செய்யாமல், மேலே சொன்ன கடிதத்தின் சாரத்தையே பதிலாக அனுப்புங்கள். இடையில், "டெபாசிட்டைத் திருப்பி அனுப்புகிறோம், யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால் அது மோசடி. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

சில தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பாக்கி விவரங்களைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தருவதுண்டு என்பதால், மாமனாரின் கடன் அறிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறான பாக்கி ஏறியிருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம்.

கடிதத்துக்குச் சரியான பதில் வராவிட்டால் அடுத்து என்ன என்று கேட்பீர்கள். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையாகப் பதிவு செய்து புகார் எண்ணைப் பெற வேண்டும். அந்த எண் இல்லாமல் மேலே நகர முடியாது. தீர்வு திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறை. டிராய்க்கே நேராக எழுதுவதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பது அதன் வேலையாகச் சட்டத்தில் இல்லை. அதற்குப் பதிலாக, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றம் அன்று, கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனால் புகார் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அதற்கென இருக்கும் பிரிவுக்குப் போவதால், உள்ளூர்க் கிளையில் மாதக்கணக்கில் அசையாத கோப்பு அங்கே அசையக் காண்கிறோம்.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்புத் தகராறுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்க முடியாது என்ற வாதத்தை நிறுவனங்கள் பல ஆண்டுகளாக முன்வைத்து வந்தன. பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு அதற்குத் தடையில்லை என்று 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம் என்ற வசதி இருக்கிறது. சேவையைப் பணம் கட்டியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான் என்பதால், நீங்களே புகார்தாரராக இருந்தால், வேலூருக்கு அலையாமல் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். மாமனாரையும் இரண்டாம் புகார்தாரராகச் சேர்த்துவிடுவது பாதுகாப்பானது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது, இணைய வழியில் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இதில் பலர் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது, எனவே அதை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டால், அது மாநில ஆணையத்தின் அதிகார வரம்புக்குள் போய்விடும். 4,916 ரூபாய்க்காக நீங்கள் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். கருவியைப் பெற்றுக்கொண்டு பதிவு செய்யத் தவறியது சேவைக் குறைபாடு என்றும், பெற்ற கருவிக்கே விலை கேட்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் மட்டும் எழுதுங்கள். அது மாவட்ட ஆணையத்துக்குப் போதுமானது.

இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்குமா என்றால், பெரும்பாலும் இராது என்றே நினைக்கிறேன். வரிசை எண்ணைக் கேட்கும் கடிதத்துக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் இடையிலேயே இத்தகைய கோரிக்கைகள் கைவிடப்படுவதைத்தான் அதிகம் காண்கிறேன்.

ஓசூரில் புது இணைப்பு வாங்கியிருப்பீர்கள். அந்தப் பெட்டியின் அடிச்சீட்டை இன்றே படம் எடுத்து வையுங்கள். எப்போதாவது திருப்பித் தரும்போது, மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தி உங்கள் வைஃபை கடவுச்சொற்களை அழித்துவிட்டு, வரிசை எண்ணும் அடாப்டரும் குறிப்பிடப்பட்ட சீட்டில் வாங்குபவரின் கையெழுத்தைப் பெறுங்கள். அச்சடித்த சீட்டு அவரிடம் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாள் போதும். கையெழுத்திடத் தயங்கினால், அவர் கண் முன்னாலேயே, "இந்த எண் கொண்ட கருவியை இன்று உங்களிடம் கொடுத்துள்ளேன்" என்று அவருடைய எண்ணுக்கும் நிறுவனத்தின் எண்ணுக்கும் வாட்ஸ்அப் செய்துவிடுங்கள்.

வேலூர்க் கணக்கில் பணம் திரும்பி வந்தாலும், கோரிக்கையைக் கைவிடுகிறோம் என்று தொலைபேசியில் மட்டும் சொன்னாலும், அதோடு விட்டுவிட வேண்டாம். கணக்கு மூடப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று மாமனார் பெயருக்கு மின்னஞ்சலில் ஒரு சான்று கேட்டு வாங்கி, மூன்று ஆண்டுகளுக்காவது வைத்திருங்கள். பழைய பாக்கிகளின் பட்டியல் ஒரு வசூல் நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவது உண்டு, புதிதாக அழைப்பவருக்கு முந்தைய கடிதப் போக்குவரத்து எதுவும் தெரிந்திருக்காது.